தவக்காலத்தில் ஒரு பேஸ் கிடார்

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

கிளின்டன் மஸ்கட் போகிறானாம். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம். நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நிற்கும்போது காதருகே வந்து சொன்னான். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு இருக்கும் ஒரே பேஸ் கிடார் அவன்தான்.

“ஈஸ்டர் முடிச்சிட்டுப் போலாம்லா” என்றேன்.

“டீச்சர், கம்பெனிக்காரன் ஈஸ்டர் பாத்தா ஆள் எடுப்பான்?”

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குழுவை நடத்துகிறேன். பகலில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு, சாயங்காலம் இவர்களுக்குப் பாட்டு. இரண்டிலும் தப்பு நடந்தால் எனக்குப் பொறுக்காது. பேஸ் இல்லாத ஈஸ்டர் பாட்டு உப்பில்லாத குழம்பு. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

விசாரித்ததில் ஊரில் பேஸ் வாசிக்கிற நாலு பேரும் மெல்லிசைக் குழுக்களோடு ஈஸ்டர் வாரம் முழுக்க வெளியூர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் கோயிலில் நாற்பது நாளும் வாத்தியங்களுக்கு ஓய்வு. அந்த நாற்பது நாளில் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். நான் வாசிக்கும் கீபோர்டைக் குழுவில் பாடும் ஜெனிட்டா பார்த்துக்கொள்வாள்.

கணவர் ஜெரோமிடம் சொன்னேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை அவருக்கு. முப்பது வருஷமாக என் பாட்டைக் கேட்டும் சங்கீதம் ஒரு பொட்டு ஒட்டாத மனிதர். “நாப்பத்தொம்பது வயசுல கிடாரா?” என்றார். அப்புறம், “எந்தக் கிடார்?” என்றார்.

பீரோ மேலே இருக்கிற ரெக்ஸின் கிடார்தான் என்றேன். அவர் ஸ்டூலை எடுத்துவந்து ஏறினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இறக்கித் துடைத்தாயிற்று. கம்பிகள் துருப்பிடித்திருந்தன, புதிது மாற்றினேன். நான்கே கம்பி. ஆனால் ஒவ்வொன்றும் கொடிக்கயிறு கனம். கிடாரின் கழுத்து என் கைக்கு எட்டாத நீளம்.

ரெக்ஸ் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. நான்தான் வளர்த்தேன். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு தப்பு ஸ்வரத்தால் வந்தது. அதை எழுத இன்று நேரமில்லை, தண்ணீர் வருகிற நாள்.

பிப்ரவரி 26, வியாழன்

இடது கை நடுவிரலில் கொப்புளம். கரும்பலகையில் எழுதுவது வலது கையால் என்பதால் தப்பித்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

யூடியூபில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் சொல்லிக் கொடுக்கிறார். எந்த நாட்டுக்காரரோ, இங்கிலீஷ் பாதிதான் புரிகிறது. பேஸ் கற்க வருகிற எவரும் ப்ளூஸ் என்கிற அமெரிக்கப் பாட்டு வகையில்தான் தொடங்க வேண்டும் என்கிறார். நான் ஈஸ்டர் பாட்டு படிக்க வந்தால் இவர் என்னை வேறு தெருவில் விடுகிறார் என்று முதலில் கோபம். பிறகு பார்த்தால் இது சுத்தமான கணக்கு.

பன்னிரண்டு பார், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு. முதல் நான்கு பார் வீட்டில், அதாவது ஏ கார்டு என்கிற ஸ்வரக் கூட்டில். அடுத்த இரண்டு டி. மறுபடி இரண்டு ஏ. ஒன்று ஈ, ஒன்று டி, கடைசி இரண்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பாட்டு இந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடுமாம். இந்தக் கட்டத்தின் மேல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னத் துணுக்கைக் கட்ட வேண்டும். அதற்கு ரிஃப் என்று பேர். வீட்டு ஸ்வரத்தில் தொடங்கு, மூன்றாவதைத் தொடு, ஐந்தாவதைத் தொடு, ஆறாவதுவரை ஏறி இறங்கு. கார்டு மாறும்போது விரல் வடிவத்தை அப்படியே அடுத்த கம்பிக்கு நகர்த்து.

ஒரு சூத்திரம், மூன்று இடத்தில் போட வேண்டியது. பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொன்னால் ‘இவ்வளவுதானா மிஸ்’ என்பார்கள். என் விரல்கள் அப்படிச் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பொதுத்தேர்வுக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் ஹாலில் நடந்துகொண்டே மனசுக்குள் பன்னிரண்டு பார் எண்ணினேன். ஒரு பிள்ளை கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் ஒன்பதாவது பாரில் இருந்தேன்.

வீட்டில் நான் கட்டிய முதல் ரிஃபை ஜெரோமுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் உரசிக்கொண்டே கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. மாடு வெரசா நடக்குத மாதிரி” என்றார். நடுவில் கையைத் துடைத்துவிட்டுப் போனில் எதையோ நோண்டினார்.

மார்ச் 7, சனி

ஆச்சரியம். காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெரோம் திடீரென்று சொல்கிறார்: “ரெண்டாவது பார் கடைசியில ரெண்டு தட்டு சும்மா விடு. நீ மூச்சே விடாம வாசிக்க. மொதல் பார்ல கேள்வி கேளு, ரெண்டாவதுல பதில் சொல்லிட்டு வாய மூடு.”

இந்த மனிதருக்குப் ‘பார்’ என்றால் என்னவென்று எப்போது தெரியும்? கேட்டால், “கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு” என்கிறார். விட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு தட்டு மௌனத்தில் ரிஃப் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குத்தான் அந்த மௌனத்தில் இருக்கப் பயமாக இருக்கிறது. எதையாவது போட்டு அடைக்கச் சொல்கிறது கை.

மார்ச் 8, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் மே மாதம். ஷெரின் கர்வாலோ கல்யாணம். அப்போதைய பேஸ்காரனுக்கு அம்மை. ரெக்ஸ் எங்கள் குழுவை விட்டுவிட்டு மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. நான் கூப்பிட்டேன். வந்தான்.

மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பாடுகிற பாட்டு. ஏ மேஜர். மூன்றாவது அடியில், மேஜர் கார்டுக்குக் கீழே, மூன்றாவது ஸ்வரத்தை அரைப் படி இறக்கி வாசித்தான். அது ஒரு அபஸ்வரம். அது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன், நாலு தடவை அதையே வாசித்தான். பாடகர் குழு நிற்கும் கோயில் மாடியில் எல்லோருக்கும் கேட்டது. நான் கீபோர்டை நிறுத்திவிட்டு எழுந்து போய் அவனைக் கன்னத்தில் அறைந்தேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்கள்.

அவன் கிடாரை உறையில் வைத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படியிறங்கிப் போனான். மறுநாள் ஊரிலேயே இல்லை.

வேண்டுமென்றே கெடுத்தான் என்றுதான் அன்று நினைத்தேன். அவனுக்கும் ஷெரினுக்கும் பழக்கம் என்று ஊரில் பேச்சு இருந்தது. பெண் வீட்டார் விசாரித்தார்கள். சரிப்படவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

கியாஸ் தீர்ந்துபோய் ஜெரோம் பக்கத்து வீட்டில் சிலிண்டர் கடன் கேட்கப் போனார். திரும்பி வந்து சிலிண்டரை மாட்டிக்கொண்டே, “இடது கை கட்டை விரல கழுத்துக்குப் பின்னால நடுவுல வை, அப்பத்தான் சுண்டுவிரல் எட்டும்” என்றார். வைத்தேன். எட்டியது.

மார்ச் 14, சனி

அடுப்பைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று ஐந்தாம் பாடம். அந்த வழுக்கைத் தலைக்காரர் சொல்கிறார்: இதுவரை நீ கட்டிய ரிஃப் சரியாக இருக்கிறது, ஆனால் ப்ளூஸ் ஆகவில்லை. இப்போது மூன்றாவது ஸ்வரத்தை அரைப் படி இறக்கு. மேல் கார்டு மேஜராகவே இருக்கட்டும், கீழே நீ இறக்கு. இரண்டும் உரசும். அந்த உரசல்தான் ப்ளூஸ். துக்கத்தில் இருக்கிறவன் அந்த இடத்தில் சரியான ஸ்வரத்தை வாசிக்க மாட்டான்.

வாசித்தேன். முதல் தடவையே தெரிந்துவிட்டது. அதே ஸ்வரம். அதே ஏ மேஜர். கோயில் மாடியில் கேட்டது இதுதான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். அவன் தப்பாக வாசிக்கவே இல்லை. மெல்லிசைக் குழுவில் யாரிடமோ ப்ளூஸ் கற்றிருக்கிறான். தான் விரும்பிய பெண் இன்னொருத்தன் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது அவனுக்கு வந்தது அந்த ஸ்வரம். அதைப் புரிந்துகொள்கிற காது எனக்கு இல்லை. எனக்கு. ஊரிலேயே நல்ல காது என்று பேர் வாங்கிய எனக்கு.

மார்ச் 15, ஞாயிறு

பூசையில் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. பதினோரு வருஷமாக நான் சரி, அவன் தப்பு என்று இருந்தேன். திடீரென்று எல்லாம் தலைகீழ். அதே நேரம், சொன்னால் வெட்கம், மனசு லேசாகவும் இருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒரு ஸ்வரம்தானே. கேட்டுவிட்டால் தம்பி கிடைத்துவிடுவான்.

எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, அதுதான் சிக்கல்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

பூசை முடிந்து, எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் பாயசம் பரிமாறினேன். பிளாரன்ஸ் அக்கா, ஷெரினின் அம்மா, இலையில் கையைக் குறுக்கே வைத்துப் போதும் என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஷெரின் ரெண்டாவது மவளுக்குப் பள்ளிக்கூடம் பாத்திருக்கா டீச்சர், பஹ்ரைன்லயே. ஒவ்வொரு திருநாளுக்கும் உங்கள நெனச்சுக்கிடுவேன். சொந்தத் தம்பின்னும் பாக்காம அன்னைக்கு உள்ளதச் சொன்னிய. இல்லன்னா எம் மவ ஒரு குடிகாரன்ட்ட மாட்டிக்கிட்டுத் தெருவுலல்லா நின்னுருப்பா.”

எல்லா வருஷமும் இப்படித்தான் சொல்வார். நான் சிரித்து வைத்தேன்.

பாயசத்தில் முந்திரி போதவில்லை. அடுத்த வருஷம் கூடுதலாக வாங்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இறக்கிய மூன்றாவதை வைத்து ஒரு ரிஃப் கட்டினேன். இது என் சொந்தம். வீட்டு ஸ்வரம் இரண்டு தடவை, பிறகு அந்த இறங்கிய மூன்றாவது, அதிலிருந்து சறுக்கிச் சரியான மூன்றாவதுக்கு, பிறகு மௌனம். அடுத்த பாரில் ஐந்தாவதிலிருந்து இறங்கி வீட்டுக்கு. டி-க்கு மாறும்போது அப்படியே நகர்த்தி, ஈ-யில் மட்டும் ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடுகிறேன். எட்டு தடவை சுற்றினேன், ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜெரோம் கதவோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி பார்க்கிறேன் என்றார். சுவரில் கடிகாரம் தொங்குகிறது.

மார்ச் 25, புதன்

இன்று எனக்கு விழுந்த அடியை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். வரிசையாக வருமா தெரியவில்லை.

சாயங்காலம் ஜெரோம் குளித்துக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. திரையில் ‘யூனியன் கொச்சி’ என்று பேர். துறைமுக யூனியன் விஷயம், அவசரமாக இருக்குமே என்று எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் குரல்:

“அத்தான், அந்த நாலாவது பார்ல இன்னும் அவசரப்படுதாவ. சொல்லுங்க அவியள்ட்ட.”

பதினோரு வருஷம் ஆனாலும் நான் வளர்த்த பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? போன் கையை விட்டு நழுவிச் சோபாவில் விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்த மனிதரிடம் போனை நீட்டினேன். திரையில் இருந்த பேரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், உப்பளப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று போய் ரெக்ஸோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ரெக்ஸ் கொச்சியில் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசிக்கிறான். நான் வாசித்ததை எல்லாம் பதிவு செய்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். கோயிலில் புதிதாக ஒரு பையன் படிக்கிறான், திருத்தம் சொல்லு என்று. அவன் சொன்ன திருத்தத்தைத்தான் தேங்காய் துருவும்போது எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“ரெண்டாவது கிளிப்புலயே கண்டுபிடிச்சிட்டான். தாளம் இம்மி பிசகாம கணக்கு நோட்டு மாதிரி இருக்கு, இது அக்காதானன்னு கேட்டான்.”

“தெரிஞ்சும் சொல்லிக் குடுத்தானா?”

“ஆமா.”

அப்புறம் போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளை கவுன் தைக்க அளவு கொடுத்தபடி ஒரு பெண் பிள்ளை. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. “அவன் மவ. அனீட்டா. எட்டு வயசு. அவனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருசமாச்சு, பொண்டாட்டி பேரு செலஸ்டின். அவ ஒரு நர்ஸ். ஏப்ரல் பத்தொம்பது பிள்ளைக்குப் புதுநன்மை, கோயில்ல மொதமொத நற்கருணை வாங்குதா. என்னைய மட்டும் கூப்பிட்டிருக்கான்.”

எட்டு வருஷமாக நான் ஒரு பிள்ளைக்கு அத்தை. எனக்கே தெரியாமல்.

மார்ச் 26, வியாழன்

ஜெரோமுடன் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை மடித்துக்கொண்டே ஜெரோமிடம், ஈஸ்டர் முடிந்ததும் ரெக்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். பத்தொன்பதாம் தேதிக்கு நானும் போக வேண்டும். அந்தப் பிள்ளை வெள்ளை கவுனில் நடந்து வருவதை நான் பார்க்க வேண்டும். இதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

“எதுக்கு மன்னிப்பு கேக்கப் போற?” என்றார்.

“அந்த ஸ்வரத்துக்குத்தான். அறைஞ்சதுக்கு.”

“அதுக்கு மட்டுமா?”

“வேற என்ன?”

அவர் ஓலையை மடித்து முடித்து, மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

நேற்றே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கோபம், பெருமை, தம்பியைக் கோயிலில் வைத்து அறைந்தது. குருவானவர் ஐந்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்.

விசாரிக்க வந்தவர்களிடம் தெரிந்ததைச் சொல்வது பாவத்தில் சேராது. நம் பக்கத்தில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்பது வழக்கம்தான். கேட்டார்கள், சொன்னேன். ஒரு நாள் பனிமாதா திருவிழாவில் பீர் குடித்துவிட்டுத்தான் வந்தான். நானே பார்த்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

காலைப் பூசையில் பேஸ் வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. கடைசிப் பாட்டின் இரண்டாவது அடிக்குப் பிறகு இரண்டு தட்டு சும்மா விட்டேன். ஜெனிட்டா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

காலை பத்து மணிக்குப் பேசினேன். ஜெரோம் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

“ரெக்ஸ்” என்றேன்.

“சொல்லுக்கா.” நேற்றுத்தான் பேசி வைத்ததுபோல.

ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னேன். “ஏல, அன்னைக்கு நீ வாசிச்சது தப்பில்ல. எனக்கு இப்பத்தான் தெரியுது. மூணாவதை எறக்கி வாசிச்ச. அது ப்ளூஸ்லா. நீ மனசுல உள்ளத வாசிச்ச, எனக்குத்தான் புரியல. ஒன்னையப் போய் அடிச்சிட்டேன். மன்னிச்சிரு.”

ரெக்ஸ் மெதுவாகச் சிரித்தான்.

“இல்லக்கா. அது தப்புதான். அன்னைக்கு எனக்கு ப்ளூஸுன்னா என்னன்னே தெரியாது. கொச்சிக்கு வந்துதான் படிச்சேன். கை நடுங்கிச்சு. விரல் ஒரு கட்டம் முன்னாலயே விழுந்துச்சு. திரும்பத் திரும்ப அங்கயே விழுந்துச்சு. நீ அடிச்சது சரிதான்.”

மூன்று வாரமாக நான் கட்டி வைத்திருந்தது மொத்தமும் ஒரே நொடியில் சரிந்துவிட்டது.

“ஏன் நடுங்கிச்சு?” என்று கேட்டுவிட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?

“ஒனக்குத் தெரியாதாக்கா?”

தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. பால்காரர் வந்திருக்கிறார் என்று போனை வைத்தேன். பத்து மணிக்கு எந்தப் பால்காரர்?

ஏப்ரல் 7, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம். நூற்றுக்கு நூறு ஒரு பிள்ளை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கிடாரைத் தொடவில்லை. திருத்தும் தாளில் ஒரு பிள்ளை விடையைச் சரியாக எழுதி, வழிமுறையை எழுதாமல் விட்டிருந்தாள். யாரையோ பார்த்து எழுதியது பளிச்சென்று தெரிந்தது. மதிப்பெண் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வழிமுறையை எழுதுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி முடிந்து பிளாரன்ஸ் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். ரெக்ஸ் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பெண் கேட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நான் வளர்த்தவன், நான் வாத்தியம் சொல்லிக் கொடுத்தவன், குழுவை விட்டுப் போனபோதும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டிய. பையன் எப்படி?” என்று கேட்டார்.

குடிகாரன் என்று சொன்னேன். தினமும் குடிக்கிறான், வீட்டில் சாமானை உடைக்கிறான், அந்தப் பிள்ளையைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பீர் குடித்தான். சாமான் எதையும் உடைத்ததில்லை. அவ்வளவும் பொய். அவர் நம்பினார், ஏனென்றால் சொன்னது நான்.

எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். இது என் கையெழுத்துதானா என்று இருக்கிறது. பதினோரு வருஷம் இதைத் தெரியாதவள் மாதிரியே இருந்திருக்கிறேன், பூசைக்குப் போயிருக்கிறேன், நன்மை வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஜெரோமிடம் இந்த நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். “எனக்குத் தெரியும்” என்றார். “நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்.”

சாயங்காலம் பிளாரன்ஸ் அக்கா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இனி அவர் என் கையைப் பிடிக்க மாட்டார். பிடிக்கக் கூடாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று ஜெரோம் உப்பளப் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்தே எண்ணைப் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், அவரும் கேட்கட்டும் என்று.

“ரெக்ஸ், பிளாரன்ஸ் அக்கா விசாரிக்க வந்தப்ப நீ குடிகாரன்னு சொன்னது நான்தான். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். என்கிட்டச் சொல்லாமப் போய்ப் பொண்ணு கேட்டியேன்னு கோவம். ஒங்க ரெண்டு பேர் கல்யாணம் நடக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்.”

சொல்லி முடித்துவிட்டு நின்றேன். எதையும் போட்டு அடைக்கவில்லை.

“தெரியும்க்கா” என்றான்.

“எப்பம்?”

“அந்த வாரமே. ஷெரின் அழுதுகிட்டே வந்து சொன்னா.”

ஜனவரி. கல்யாணம் மே மாதம். எனக்குக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. நான்கு மாதம் எல்லாம் தெரிந்துகொண்டே, கச்சேரி இல்லாத நாளெல்லாம் இதே வீட்டில் என் கையால் சாப்பிட்டிருக்கிறான். அதன் பிறகு நான் கூப்பிட்டேன் என்று ஷெரின் கல்யாணத்துக்கே கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

“எல்லாம் தெரிஞ்சுமா ஏல வாசிக்க வந்த? முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா.”

“நீ கூப்பிட்டியேக்கா” என்றான். “பேஸுக்கு ஆளில்ல, மானம் போயிரும்னு சொன்ன. நீ என்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதான் மொதத் தடவ. வராம எப்படி இருக்க?”

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மலையாளத்தில் என்னவோ கேட்டது, யார் என்று கேட்டிருக்கும். மன்னித்தேன் என்று ரெக்ஸ் சொல்லவில்லை. சொல்வான் என்று எதிர்பார்க்கிற உரிமையும் எனக்கு இல்லை.

“இப்பம் நான் கூப்பிடுதேன்” என்றான். “பத்தொம்பதாந் தேதி, காலையில எட்டு மணிக்குப் பூச. வருவியாக்கா?”

நான் தலையை ஆட்டினேன், போனில் அது எப்படிக் கேட்கும்? ஜெரோம் என் கையிலிருந்து போனை வாங்கி, “வருவா” என்றார்.